ஒன்பது விநாடியில் 352 பச்சை டிக்

எண்பத்தெட்டு இரத்தப் பரிசோதனை நிலையங்களில் எழுபத்து மூன்றை ஒரே காலையில் முடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் நான் துல்லியமாகச் சொல்வேன்: ஒன்பது விநாடி. வேறு யாராலும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. செய்தது நான்.

எங்கள் டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்து, "நீங்கதானே அந்த ஒன்பது செகண்ட்?" என்று கேட்கிறார்கள். பெயர் கெடுவது என்று ஆகிவிட்டது, அது முழுதாகவே கெடட்டும் என்று எழுதி வைக்கிறேன். புரோகிராம் எழுதி, ஏபிஐ என்கிற வழியாக எந்த நெட்வொர்க் பெட்டியோடும் பேசப் போகிறவர்கள் படித்துக்கொள்ளலாம்.

1. சனிக்கிழமை க்ளிக்

நான் வாணி. வீடு ஜோகுபாளையம், ஆபீஸ் தொம்மலூர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவர்கள் இரண்டு பேர். அப்பா போனது சுவருக்குப் பெயின்ட் அடிக்க. படிக்கப் போனது நான் மட்டும். அதன் பிறகு இன்ஜினியரிங், அதன் பிறகு இந்த வேலை. இதில் பெருமை உண்டா என்றால் உண்டு. அடக்கத்துக்கு எந்த வகுப்பிலும் பேப்பர் வைக்கவில்லை. வைத்திருந்தால் அதிலும் முதல் மார்க் வாங்கியிருப்பேன்.

எங்கள் கம்பெனி மற்ற கம்பெனிகளின் நெட்வொர்க் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. வாடிக்கையாளர்களில் ஒருவர், ஊர் முழுக்க எண்பத்தெட்டு கிளைகள் வைத்திருக்கும் ஒரு பரிசோதனை நிலையம். ஒவ்வொரு கிளையிலும் எடுக்கும் முடிவுகள் நடுவில் இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து நோயாளியின் ஃபோனுக்கு ரிப்போர்ட்டாகப் போகும். அந்த சர்வருக்கு முன்னால் ஒரு ஃபயர்வால் நிற்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி மாதிரிதான் அது. யாரை எங்கே விடலாம் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ரூல் என்று பெயர். வரி இருந்தால் வழி உண்டு. இல்லாவிட்டால் கதவு திறக்காது.

ரூல் போடுவது ஆபரேஷன்ஸ் டீமின் வேலை. மூன்று பேர். அவர்களில் ஸ்டெல்லாதான் மூத்தவள் என்று சொல்லலாம், வயதில் இல்லை, அனுபவத்தில். என்னைவிட மூன்று வயது பெரியவள், அக்கா என்று கூப்பிட்டால் முறைப்பாள். விவேக் நகர்க்காரி. நான்கு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தாள். கான்ட்ராக்ட் என்றால் எங்கள் ஐடி கார்டு நீலம், அவளுடையது மஞ்சள். எங்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு, அவளுக்கு அடுத்த மூன்று மாதம் வேலை உண்டா என்பதே மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் தெரியும். அடுத்த மாதம் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக எச்.ஆர். சொல்லியிருந்தது. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள். பேசினால் போய்விடும் என்று பயம்.

எனக்கும் அடுத்த மாதம்தான் ஆறு மாதம் முடிந்து கன்ஃபர்மேஷன்.

ரூல் போடும் விதம் இதுதான். சனிக்கிழமை காலை மூன்று பேரும் வந்து உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு ரூலாக எழுதி, சேவ் க்ளிக், ஓகே க்ளிக் என்று போவார்கள். முடிந்ததும் ஸ்டெல்லா மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு கிளையாகத் திறந்து, நான்கு ரூலும் இருக்கிறதா என்று பார்த்து, நீளமான நோட்டில் டிக் போடுவாள். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நோட்டைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இந்தக் காலத்தில் நோட்டா என்று.

2. தர்ஷினி கணக்கு

அந்த மாதம் பரிசோதனை நிலையம் தன் சர்வரை வேறு இடத்துக்கு மாற்ற முடிவு செய்தது. எண்பத்தெட்டு கிளைகளுக்கும் தலா நான்கு புது ரூல்கள், ஆக 352. சனிக்கிழமை நாங்கள் ரூல் போட வேண்டும், ஞாயிறு அவர்கள் சர்வரை மாற்றுவார்கள், திங்கள் காலை எல்லாம் புது இடத்துக்குப் போகும்.

இதை க்ளிக் செய்யாமல் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்னப் புரோகிராம், எழுதி முடிக்கலாம் என்று நான் சொன்னேன். எங்கள் மேனேஜர் செந்தில் சார், ஈரோட்டுக்காரர், தன்மையான மனிதர். எதைச் சொன்னாலும் முதலில் கேட்பது எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைத்தான். ஒரு நாள் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடியும் என்றேன். அன்று மாலையே அவர் ஸ்லைடு தயாரித்துவிட்டார்.

அந்த ஃபயர்வாலுக்குள் போக இரண்டு வழி. ஒன்று மனிதர்களுக்கான திரை. மற்றது புரோகிராம்களுக்கான வழி, அதுதான் ஏபிஐ. ஸ்கிரிப்ட் அந்த வழியாகப் போய், இந்த ரூலைச் சேர்த்துக்கொள் என்று கேட்கும். பெட்டி பதிலாக ஓர் எண்ணைத் தரும்.

ஒன்று கேட்டு, பதில் வரும்வரை நின்று, பிறகு அடுத்ததைக் கேட்பது ஒரு முறை. காலையில் நின்றுகொண்டே சாப்பிடும் எங்கள் ஊர் தர்ஷினி ஓட்டலில் அப்படி யாரும் சாப்பிடமாட்டார்கள். தோசைக்கு ஒரு சீட்டு, வடைக்கு ஒரு சீட்டு, காபிக்கு ஒரு சீட்டு என்று வாங்கி, தோசை கவுன்ட்டரில் ஒன்றை நீட்டிவிட்டு, அது வேகும் நேரத்தில் காபி கவுன்ட்டரில் மற்றதை நீட்டுவோம். ஏசிங்க் என்பது இவ்வளவுதான். காத்திருக்கிற நேரத்தில் அடுத்த வேலையைப் பார்ப்பது. என் ஸ்கிரிப்ட் 352 சீட்டையும் ஒரே மூச்சில் நீட்டிவிட்டு, பதில் வர வரத் திரையில் பச்சை டிக் போடும்.

பெட்டி தந்த பதில் 202. இருநூறில் தொடங்குகிற எந்த எண்ணும் வெற்றி என்று கல்லூரியில் படித்திருந்தேன். அதனால் 202 வந்தால் பச்சை என்று எழுதினேன். ஆபீசில் இருந்த டெஸ்ட் பெட்டியில் பத்து ரூல் போட்டுப் பார்த்தேன். பத்தும் பச்சை, பத்தும் உள்ளே இருந்தன. செந்தில் சார் கைகொடுத்தார்.

அந்தப் பெட்டியின் ஏபிஐ கையேட்டில் 202 பற்றி ஒரு பாரா இருக்கிறது. உங்கள் கோரிக்கை வரிசையில் வைக்கப்பட்டது, ஒரு ஜாப் எண் தரப்படுகிறது, வேலை முடிந்ததா என்று அந்த எண்ணை வைத்துத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று. அதாவது கவுன்ட்டர்க்காரன் சீட்டை வாங்கி ஆணியில் குத்திவிட்டான், தோசை இன்னும் கல்லிலேயே ஊற்றப்படவில்லை. எங்கள் குடும்பத்திலேயே படிக்கத் தெரிந்த ஒரே ஆள் படிக்காமல் விட்ட பாரா அது.

3. "தலையத் திருப்பு"

இன்னொரு சிக்கல் இருந்தது. எனக்கு டெஸ்ட் பெட்டிக்குள் போகத்தான் லாகின் ஐடி உண்டு. வாடிக்கையாளரின் பெட்டிக்குள் போக ஆபரேஷன்ஸ் டீமுக்கு மட்டும்தான். எனக்கும் ஒன்று கேட்கலாமா என்றேன். செந்தில் சார், "அதுக்கு ஃபார்ம் போட்டா ரெண்டு வாரம் ஆயிருமுங்க. ஸ்டெல்லா ஐடியில ஓட்டீருங்க" என்றார்.

யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. எங்கள் ஆபீசில் ஐடி என்பது ஸ்டேப்ளர் மாதிரி. யாருடையதோ, எங்கேயோ இருக்கும், எடுத்து உபயோகித்துவிட்டு வைத்துவிட வேண்டியது. ஸ்டெல்லாவும் மறுக்கவில்லை. பர்மனென்ட் ஆர்டருக்குக் காத்திருக்கிறவள் மேனேஜர் சொன்னதற்கு மாட்டேன் என்பாளா.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஸ்டெல்லா என் நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, "தலையத் திருப்பு" என்றாள். ஜன்னலைப் பார்த்தேன். பாஸ்வேர்டு அடித்தாள். நான் என்டர் தட்டினேன். பச்சை டிக்குகள் மேலிருந்து கீழாக ஓடின. ஒன்பது விநாடி. 352-க்கு 352.

மற்ற இரண்டு பேரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உள்ள போயி ஒரு தபா பாத்துடறேன்" என்றாள்.

"எதுக்கு? அதான் எல்லாம் பச்சையா இருக்கே."

"நான் பாக்காம க்ளோஸ் பண்ண மாட்டேன்."

"நீ ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒண்ணொண்ணா பாத்தா, என் ஸ்கிரிப்ட்டு எதுக்கு?"

அதற்குள் செந்தில் சார் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பிவிட்டிருந்தார், ஒன்பது விநாடி என்பதைத் தடித்த எழுத்தில் போட்டு. ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நோட்டை மூடினாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு சனிக்கிழமை வீட்டில் போய் மதியச் சாப்பாடு சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். ஒன்பது செகண்டில் முடித்துவிட்டேன் என்று. "ஒன்பது செகண்டுக்கா மாசச் சம்பளம் தர்றான்?" என்றாள்.

4. வெறும் வயிற்றுக் கூட்டம்

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு செந்தில் சார் ஃபோன். பரிசோதனை நிலையங்களில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான் கூட்டம். சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுக்கிறவர்கள். எழுபத்து மூன்று கிளைகளிலிருந்து ரிப்போர்ட் வெளியே போகவில்லை. முடிவுகள் அந்தந்தக் கிளைக் கம்ப்யூட்டரிலேயே சிக்கிக்கொண்டன. மதியம் ஆபரேஷன் வைத்திருந்த ஒரு நோயாளியின் முடிவை ஒரு கிளைக்காரர் கையால் எழுதி, ஃபோட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறார்.

நான் போய்ச் சேரும்போது ஸ்டெல்லா ஏற்கெனவே ஃபயர்வால் திரையைத் திறந்து வைத்திருந்தாள். பட்டியலில் முதல் பதினைந்து கிளைகளுக்கு நான்கு ரூலும் இருந்தன. பதினாறாவது கிளைக்கு ஒன்று. அதன் பிறகு எதுவும் இல்லை. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் நாகராஜ் சார் ஞாயிறு மாலையே சோதித்துப் பார்த்திருந்தார், ஆனால் பட்டியலின் முதல் இரண்டு கிளைகளிலிருந்து. இரண்டும் வேலை செய்தன.

செந்தில் சார் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டலாமா என்று கேட்டார். நான் கீபோர்டு பக்கம் திரும்புவதற்குள் ஸ்டெல்லா, "அந்தச் சனியன இன்னிக்கு யாரும் தொடக்கூடாது" என்றாள். தன் டீமின் மற்ற இரண்டு பேரிடமும் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தாள். எனக்கு அவளே ஒரு திரையைத் திறந்துவிட்டு, "இதுலருந்து இதுவரைக்கும். கை நடுங்காம பண்ணு" என்றாள். நான்கு பேருமாக 291 ரூல்களை க்ளிக் செய்து போட்டோம். பதினொரு மணிக்குக் கடைசிக் கிளை சரியானது. சரியானதா என்று ஸ்டெல்லா நோட்டை வைத்து முதலிலிருந்து பார்த்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

5. நல்ல ஆங்கிலத்தில் ஒரு வரி

இனி விசாரணை. எங்கள் தொழிலில் எது கெட்டாலும் கெட்டதற்கான மூல காரணம் என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். நான்கு மணிக்கு நாகராஜ் சாருடன் மீட்டிங். பன்னிரண்டு மணிக்கே செந்தில் சார் முதல் வரைவை எனக்கு அனுப்பினார், நேரங்களைச் சரிபார்க்கச் சொல்லி. அதில் மூல காரணம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ஆபரேட்டர் 291 ரூல்களைச் சேர்க்கத் தவறிவிட்டார், வேலையைச் சரிபார்க்காமல் முடித்துவிட்டார். கீழே ஆதாரமாக ஃபயர்வாலின் லாக், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெட்டியே எழுதி வைக்கும் பதிவு. சனிக்கிழமை பதினொரு மணி. பயனர் பெயர்: ஸ்டெல்லா.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆங்கிலம் நன்றாக இருந்தது. ஸ்கிரிப்ட் என்ற சொல்லே எங்கும் இல்லை. செந்தில் சார் பொய் எழுதவில்லை என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாக்கில் அந்தப் பெயர்தானே இருக்கிறது. போய்த் தயிர் சாதம் சாப்பிட்டேன். முழு டப்பாவும் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கிரிப்டில்தான் ஏதோ தப்பு என்று தெரியும். எது என்று நான் தேடவில்லை. தேடாதவரைக்கும் எனக்குத் தெரியாது என்று சொல்லலாம்.

இரண்டு மணிக்கு ஸ்டெல்லா என் சீட்டுக்கு வந்தாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என் பேர போட்டுக்கிறாங்களாமே."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நான் உள்ள போயி பாக்கறேன்னேன். நீதான் வேணாம்னே. அத யாருகிட்டயாவது சொன்னியா?"

"பாத்துனு இருக்கேன், ஸ்டெல்லா."

"பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் சண்டைக்காரிகள் என்று முடிந்திருக்கும். அவள் கத்தவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து டிராயரைத் திறந்து எதையோ அடுக்க ஆரம்பித்தாள். மஞ்சள் கார்டுக்காரர்களை அனுப்பும்போது அரை மணி நேரம்தான் கொடுப்பார்கள். அவள் முன்கூட்டியே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான், காலையில் ஸ்டெல்லா திறந்துவிட்ட திரையிலேயே, நான் ஃபயர்வாலின் ஜாப் பட்டியலைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பெட்டி 352 கோரிக்கைகளையும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 202 சொல்லி, வரிசையில் வைத்திருக்கிறது. ஒரு ரூலுக்கு இரண்டு விநாடி வீதம் ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்திருக்கிறது. அறுபத்தொன்று முடித்திருக்கிறது. அந்தப் பெட்டியில் நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்கும் பகுதிதான் பலசாலி. ஏபிஐ-க்குப் பதில் சொல்லும் பகுதி நோஞ்சான். ஒரே நேரத்தில் அவ்வளவு கோரிக்கைகளைத் தாங்க முடியாமல் மூச்சுத் திணறி, தானே ஒரு தடவை அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்தபோது வரிசை காலி. மீதி 291 சீட்டும் குப்பையில். போக்குவரத்து எந்தத் தடையும் இல்லாமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. பெட்டி அணைந்த நேரத்தில் நாங்கள் கைதட்டி முடித்திருந்தோம்.

லாக்கை இன்னொரு தடவை பார்த்தேன். 352 கோரிக்கைகள், ஒவ்வொன்றின் நேரமும் இருந்தது. முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே ஒன்பது விநாடி. வந்த வழி: திரை அல்ல, ஏபிஐ. அனுப்பிய புரோகிராமின் பெயரும் இருந்தது, நான் ஸ்கிரிப்டுக்கு ஆசையாக வைத்த பெயர். இன்ஜினியர்கள் வழக்கமாகத் தங்களுக்குச் சாதகமான ஆதாரத்தைத் தேடுவார்கள். நான் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து என் மேல் குற்றப்பத்திரிகை தயாரித்தேன். நேர்த்தியாகத்தான் செய்தேன், கலர் போட்டு.

மூன்றரைக்கு செந்தில் சாரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். இப்போது இதையெல்லாம் கிளறினால் வாடிக்கையாளர் ஆட்டோமேஷனையே வேண்டாம் என்பார், என் கன்ஃபர்மேஷனும் தள்ளிப் போகும், ஸ்டெல்லாவுக்கு வேறு ப்ராஜெக்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மூன்றும் எனக்கு ஏற்கெனவே தோன்றியவைதான். கடைசியாகச் சொன்னது மட்டும் நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

6. நான்கு மணி

நாகராஜ் சார் வீடியோவில் வந்தார். கன்னடக்காரர், அல்சூரில் வளர்ந்தவர், கோபம் வந்தால் தமிழில் பேசுவார். அன்று ஆரம்பத்திலிருந்தே தமிழ்தான். ஸ்டெல்லா அறையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செந்தில் சார் அந்த ஒரு வரியை வாசித்தார்.

நாகராஜ் சார், "ஆயித்து, முடிஞ்சுது. அந்த ஸ்டெல்லா இனிமே எங்க பெட்டிய தொடக்கூடாது. அத எழுதிக் குடுங்க" என்றார்.

எங்கள் ஆபீசில் ஸ்டெல்லாவுக்கு இருந்தது இந்த ஒரு வாடிக்கையாளரின் வேலை மட்டும்தான். இதிலிருந்து எடுத்தால் பர்மனென்ட் ஆர்டர் மட்டும் இல்லை, மஞ்சள் கார்டும் போய்விடும். செந்தில் சார் பேனாவை எடுத்தார்.

"சார்," என்றேன், "ஸ்டெல்லா அன்னிக்கு ஒரு ரூல்கூடப் போடல."

"லாக்ல அவங்க பேர்தானேம்மா இருக்கு?"

"பேர் அவங்களுது. ஓட்டுனது நான்."

என் திரையைப் பகிர்ந்தேன். நேரங்களைக் காட்டினேன். ஒன்பது விநாடியில் 352. நாகராஜ் சார் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார்.

"ஒன்பது செகண்ட்ல நான் கண்ணாடிகூட மாட்ட மாட்டேன். இதெப்படிம்மா மனுஷங்க பண்ணுவாங்க?"

மனுஷங்க பண்ணவில்லை, என் ஸ்கிரிப்ட் பண்ணியது என்றேன். 202 என்றால் என்ன, நான் என்ன நினைத்தேன், பெட்டி என்ன சொல்லியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று ஸ்டெல்லா கேட்டதையும், நான் தடுத்ததையும் சொன்னேன். வாக்கியங்கள் ஒழுங்காக வந்தன, ஸ்கூல் பேச்சுப் போட்டியில் பேசிய பழக்கம்.

"அடுத்தவங்க ஐடியில போகச் சொல்லி உனக்கு யாரு சொன்னாங்க?"

நான் யாரையும் பார்க்கவில்லை. செந்தில் சாரைப் பார்க்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவரே, "அது ஒரு ப்ராசஸ் கேப்புங்க சார்" என்றார்.

"அந்த கேப்புக்கு பேரு இருக்குமா?"

செந்தில் சார் பேனாவை மூடி வைத்தார். "செந்தில்னு போட்டுக்கங்க சார்."

நாகராஜ் சார் அதன் பிறகு பத்து நிமிடம் பேசினார். அதில் பாதியைத் தமிழில் அச்சிட முடியாது, மீதிப் பாதி கன்னடம். முடிவில் மூன்று விஷயம் சொன்னார். ஸ்டெல்லா இருக்கட்டும். அறிக்கையைத் திருத்தி எழுதி அனுப்புங்கள். அந்த ஸ்கிரிப்டை அவள் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் எங்கள் பெட்டிக்குள் விட வேண்டும்.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள், கண் கலங்கும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"இன்னா, டேங்க்ஸ் சொல்வேன்னு பாத்துனு இருக்கியா?"

"அப்படியெல்லாம் இல்ல."

"நீதான் என்ன கிணத்துல தள்ளினே. நீயே தூக்கி வுட்டுட்டே. இதுக்கு டேங்க்ஸ் வேறயா?" என்று சொல்லிவிட்டு, தன் சீட்டில் உட்கார்ந்து, என்னைத் தலையைத் திருப்பச் சொல்லாமலே பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு டிராயரில் அடுக்கியதை எல்லாம் எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

7. பன்னிரண்டு நிமிடம்

மறுநாள் எனக்குத் தனி ஐடி கேட்டு ஃபார்ம் போட்டேன். இரண்டு வாரம் ஆகும் என்றார்களே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. அதுவரை யாரும் அந்த ஃபார்மைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஸ்கிரிப்டை மாற்றி எழுதினேன். ஒரே நேரத்தில் ஐந்து கோரிக்கைகளுக்கு மேல் போகாது. 202 வந்தால் டிக் கிடையாது, மஞ்சள் புள்ளி மட்டும். ஜாப் எண்ணை வைத்துக்கொண்டு, முடிந்ததா, முடிந்ததா என்று இரண்டு விநாடிக்கு ஒரு தடவை பெட்டியைக் கேட்கும். முடிந்தது என்று பெட்டியே சொன்ன பிறகும் நம்பாமல், அந்த ரூலை மறுபடி வாசித்துப் பார்க்கும். இருந்தால்தான் பச்சை. நடுவில் பெட்டி பதில் சொல்வதை நிறுத்தினால் ஸ்கிரிப்டும் நின்று, எது வரை முடிந்தது என்று சொல்லும். 352 ரூல்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. செந்தில் சார் தன் ஸ்லைடில் ஒன்பது விநாடி என்பதைப் பன்னிரண்டு நிமிடம் என்று மாற்றியபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் கன்ஃபர்மேஷன் மூன்று மாதம் தள்ளிப் போனது. திருத்திய அறிக்கையின் பிரதி என்னிடம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவரின் பெயர் ஒரு கம்பெனியின் அதிகாரப்பூர்வமான ஆவணத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. மூல காரணம் என்ற தலைப்பின் கீழ். முழுப் பெயர், இனிஷியலோடு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு வேலை இருக்கிறதா இல்லையா என்றாள். இருக்கிறது என்றேன். அப்படியானால் இன்னொரு தோசை போடட்டுமா என்றாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதிகம் இல்லை. பெட்டி உங்களிடம் சரி என்று சொன்னால், எதற்குச் சரி என்றது என்று கேளுங்கள். வாங்கிக்கொண்டேன் என்பதற்கும் செய்துவிட்டேன் என்பதற்கும் நடுவில் 291 ரூல்கள் தொலையலாம். கையேட்டில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், உங்கள் வீட்டில் எத்தனை பேர் படித்தவர்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது. முக்கியமாக, அடுத்தவர் ஐடியில் எதையும் ஓட்டாதீர்கள். உங்கள் வேலை நன்றாக நடந்தால் நல்ல பெயர் உங்களுக்கு வந்து சேரும், கெட்டால் லாக்கில் இருக்கிறவருக்குப் போகும். அவருக்கு மஞ்சள் கார்டாக இருந்தால், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நல்ல ஆங்கிலத்தில் எழுதுவார்கள்.

ஸ்டெல்லா இப்போது பர்மனென்ட். நீல கார்டு. அந்த வாடிக்கையாளரின் பெட்டியில் எந்த மாற்றம் செய்ய வேண்டுமானாலும் முதலில் அவள் ஒப்புதல் வேண்டும். அந்த வேலையில் சேர்ந்து அவள் முதன்முதலில் நிராகரித்தது என் கோரிக்கையை. காரணம் என்ற இடத்தில், முடிந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று விளக்கவில்லை என எழுதியிருந்தாள். விளக்கினேன். மறுபடி நிராகரித்தாள், பாதியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதவில்லையாம். அதையும் எழுதினேன். அவள் இந்த வேலையில் இருப்பதன் பலனை நான் வாரத்துக்கு இரண்டு தடவை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை அனுப்பியது இன்னும் நிலுவையில் இருக்கிறது. வாங்கிக்கொண்டாயா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டாளாம், பார்க்கத்தான் இல்லையாம்.